உச்சி வெயிலில் ஒரு நத்தார் தாத்தா

நத்தார் தாத்தா என் சைக்கிள் கரியரில் இருந்தார். யாரோ வீட்டுத் திரைச்சீலையில் தைத்த சிவப்பு அங்கிக்குள் அவர் அவிந்துகொண்டிருந்தார். பஞ்சுத் தாடியைக் கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தோம். வெயிலில் பசை முதலில் இளகி, பிறகு இறுகி, தாடி அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டது. உப்புவெளித் தார் வீதியைக் கடக்க நாய்கூட யோசிக்கிற மத்தியான நேரம்.

"தம்பி, மெல்ல மிதியும். நான் விழுந்தா சபைக்கு அவமானம்."

விழுந்தால் தனக்கு நோகும் என்று அவர் சொல்லவில்லை. எதையும் சபையின் பெயரில் சொல்வதுதான் அவர் வழக்கம். அவர்தான் எங்கள் சபைச் செயலாளர் அருமைநாயகம் மாமா. முன்னால் மேளத்தையும் பின்னால் மாமாவையும் ஏற்றிக்கொண்டு மிதித்தவன், பிள்ளைகளே, உங்கள் அப்பா. எங்களுக்குப் பின்னால் பாடகர் குழு, சைக்கிள்களில், வியர்வையில்.

மத்தியானத்தில் எதற்குக் கிறிஸ்மஸ் கரோல் என்று கேட்பீர்கள். அது சண்டைக் காலம். பொழுது பட்டால் ஊரடங்கு. ஆகவே இரவிலே மேய்ப்பர்களுக்குத் தூதன் தோன்றிய செய்தியை நாங்கள் சோற்று நேரத்தில் அறிவித்துக்கொண்டு திரிந்தோம். நட்சத்திரத்தைக் காட்டுகிற அடி வந்ததும் எல்லோரும் கையை உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, சூரியனைக் காட்டுவோம். நாலைந்து வீடு முடிந்தால் வயிற்றில் கேக்கும் பயத்தம் பணியாரமும் சோடாவும் ஒன்றோடொன்று சண்டை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு பாட்டில் இருந்தது பெரும்பாலும் ஏப்பம்தான்.

நடுவிலாள் கேட்ட கேள்வி

பிள்ளைகளே, இதை இந்தக் கிழமை எழுதக் காரணம் உங்களில் நடுவிலாள். தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, இங்க ஞாயிறும் வேலை. சேர்ச்சுக்குப் போய்க் கனகாலம். கடவுள் என்னோட கோவமா இருப்பாரோ?"

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, துறைமுகக் களஞ்சியத்தில் கயிற்றையும் பெயின்ற்றையும் காவல் காத்தவன். போதகரைக் கேள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போதகர்மார் பதில் சொல்லத் தொடங்கினால் அவளுக்குத் தொலைபேசிக் காசு கட்டாது. ஆகவே எனக்குத் தெரிந்த இந்தத் தாடிக் கதையைச் சொல்கிறேன். மற்றவர்களும் வாசித்தால் குற்றமில்லை என்று இந்தப் பத்திரிகைக்காரர் சொல்கிறார்.

மாமாவின் பக்தி

மாமா அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். கடவுளையும் ஒரு மேலதிகாரியாகவே நடத்தினார். நேரத்துக்குச் சமுகமளிப்பது, செய்த வேலையை அறிவிப்பது, பதவி உயர்வுக்குக் காத்திருப்பது.

சனிக்கிழமை உபவாச ஜெபம் அவர் தொடக்கி வைத்தது. அவர் உபவாசம் இருந்தால் தெருவுக்கே பசிக்கும். தலை வாராமல், உதடு காய்ந்து, சந்தை வழியாகத்தான் சேர்ச்சுக்கு வருவார். யாராவது "என்ன மாமா, முகம் வாடியிருக்கு" என்று கேட்க வேண்டும். கேட்கும்வரை மரக்கறிக் கடையடியில் கத்தரிக்காயைத் தடவிக்கொண்டு நிற்பார்.

ஜெபம் தொடங்கினால் செய்தி அறிக்கைதான். "ஆண்டவரே, கிண்ணியாவுக்குப் போகிற பாதைப்படகு மூன்று நாளாக ஓடவில்லை என்பதை நீர் அறிவீர். மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்பதை அறிவீர். சேர்ச் கூரையின் மேற்குப் பக்கத்து ஓடுகளை அடியேன் மாற்றியதையும் அறிவீர்." கடவுளுக்கு அதன் பிறகு வானொலி தேவைப்பட்டிருக்காது.

உங்கள் அம்மா ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டார்: "உவர் ஆண்டவரோட கதைக்கிறாரோ, இல்லாட்டி ஆண்டவருக்கு நோட்டீஸ் வாசிக்கிறாரோ?"

நியாயமாகவும் சொல்ல வேண்டும். மாமா சும்மா இருந்தவர் அல்ல. இடம்பெயர்ந்து வந்த சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது கஞ்சி அண்டாவைத் தானே தூக்கினவர். எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கஞ்சியில் உயிர் பிழைத்தன. ஆனால் ஒவ்வொரு அகப்பைக்கும் ஒருதரம் ஓரக்கண்ணால் வானத்தைப் பார்ப்பார். அங்கே பதிகிறார்களா என்று.

இந்த வியாதி அவருக்கு மட்டும் இருந்ததல்ல. களஞ்சியத்தில் எனக்கு மேலே ஒரு ஓவசியர் இருந்தார். அவருடைய அறைச் சுவர் முழுக்க வேத வசனங்கள், கண்ணாடி போட்ட சட்டத்தில். நாங்கள் உள்ளே போனால் முதலில் வசனத்தை உரத்து வாசிக்க வேண்டும், பிறகுதான் லீவு கேட்கலாம். ஒருநாள் சுவருக்கு வெள்ளையடிக்கச் சட்டங்களைக் கழற்றினோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு மாடம், மாடத்துக்குள் ஒரு அரைப் போத்தல். எந்த வசனத்துக்குப் பின்னால் எந்தச் சரக்கு என்று அவருக்கு மனப்பாடம். அவ்வளவு ஆழமாக வேதம் படித்தவரை நான் பிறகு காணவில்லை.

போகட்டும். மாமாவிடம் போத்தல் இல்லை. அவரிடம் இருந்தது வேறு.

லில்லி

மாமாவுக்கு மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகன் கனடாவில். மகள் லில்லி எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள். அவள் சல்லிக் கிராமத்து மீன்பிடிக்காரர் சிவராசாவை விரும்பினாள். சிவராசா சைவம். மாமா மாட்டேன் என்றார். அவள் பதிவுக் கந்தோரில் கலியாணம் எழுதிக்கொண்டு உப்புவெளியில் குடியேறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மாமா அறிவித்தல் வாசிக்க எழுந்தார். மாதர் சங்கக் கூட்டம் பற்றிச் சொன்னார். கூரை நிதி பற்றிச் சொன்னார். பிறகு கடதாசியை மடித்துவிட்டு, அதே குரலில் சொன்னார்: "எனக்கு ஒரு மகன் மட்டும்தான். மகள் எண்டு ஒருத்தரும் இல்லை. இதைச் சபை அறிந்துகொள்ள வேணும்."

பின் வரிசை வாங்கிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. தானே சமைத்து, தானே சாப்பிட்டார். அவருடைய பக்தி இரட்டிப்பானது. உபவாசம் நீண்டது. சபையில் அவரைப் பற்றிச் சொல்லும்போது, பிள்ளையைவிட விசுவாசத்தைப் பெரிதாக நினைத்த மனுஷன் என்று தலையாட்டிக்கொண்டார்கள். உப்புவெளிக்குக் கரோல் போனால் கிறிஸ்தவ வீடு ஒவ்வொன்றாக ஏறுவோம். வீதி ஓரத்தில் வேலி வாசலுக்கு நீலப் படலை போட்ட ஒரு வீட்டை மட்டும் பேசாமல் கடந்து போவோம்.

சென்றியில்

அந்த வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இராணுவச் சோதனைச் சாவடி. சென்றி என்போம். அதைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்ட வேண்டும். நத்தார் தாத்தாவும் இறங்கினார்.

அரை மணி நேரத்துக்கு முன் குடாப் பக்கமாக ஒரு பெரிய சத்தம் கேட்டிருந்தது. நாங்கள் பாட்டில் இருந்தோம். என் மேளச் சத்தம் என்று நினைத்தவர்களும் உண்டு. சென்றியடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நகரத்துக்குத் திரும்பும் வீதியை மூடிவிட்டார்கள். ஆமிக்காரர்களின் முகத்தில் நத்தார் இல்லை.

"சாக்கில என்ன?"

"ரொபி, மாத்தயா. பிள்ளையளுக்கு."

சாக்கைக் கவிழ்த்தார்கள். ரொபி இனிப்புகள் விழுந்தன. அதன்மேல் மாமா சொந்தச் செலவில் அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் விழுந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சிப்பாய் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டினான். முடிவு நெருங்கிவிட்டது, நீங்கள் ஆயத்தமா என்று அதில் இருந்தது. சத்தம் கேட்ட நாளில், சென்றிக்கு முன்னால், முகத்தை மூடிய ஒரு ஆளின் சாக்கிலிருந்து.

"தாடி எடு," என்றார் சென்றிக்குப் பொறுப்பானவர்.

"வராது, மாத்தயா."

"ஏன் வராது?"

"கோதுமை மா, மாத்தயா."

ஒரு சிப்பாய் இழுத்துப் பார்த்தான். மாமாவின் முகம் முழுதும் சேர்ந்து வந்தது. தாடி வரவில்லை.

"ஐசி?"

மாமா இடுப்பைத் தடவினார். நெஞ்சைத் தடவினார். நத்தார் தாத்தாவுக்குப் பொக்கற் எதற்கு என்று அங்கி தைத்தவர் நினைத்திருக்கிறார். அடையாள அட்டை நகரத்தில், சேர்ச் அறையில், அவர் கழற்றிக் கொழுவிய காற்சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் மாமா பேசத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் குரலில். "மாத்தயா, நான் சபைச் செயலாளர். சேர்ச் கூரை நான் போட்டது. அகதிகளுக்குக் கஞ்சி நான் குடுத்தனான். சனிக்கிழமை தண்ணிகூடக் குடிக்க மாட்டன். இவையளைக் கேட்டுப் பாருங்கோ."

பொறுப்பாளர் கொட்டாவி விட்டார். "கூரை, கஞ்சி எனக்கு வேண்டாம். உன்னைத் தெரிஞ்ச ஆள் வேணும். இந்த ஏரியா ஆள். ஐசி காட்டி, பொறுப்பு எடுத்து, சனிக்கிழமை சனிக்கிழமை உன்னோட வந்து சைன் வைக்கணும். இல்லாட்டிப் பின்னேரம் ட்ரக் வரும். பெரிய முகாம் போகணும்."

ட்ரக்கில் ஏறியவர்களில் சிலர் அடுத்த நாள் வந்தார்கள். சிலர் மாதக்கணக்கில் கழித்து, வேறு ஆட்களாக வந்தார்கள். சிலரைப் பற்றி இன்றைக்கும் தாய்மார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியும், ஆனால் தெரியாது

நாங்கள் எல்லோரும் நகரத்து முகவரிக்காரர். எங்கள் அட்டைகள் உதவாது. உப்புவெளி வீடுகளில் கேட்டு வர எனக்கு அனுமதி தந்தார்கள். திரும்பி வருவேன் என்பதற்கு மேளத்தைப் பிணை வைத்தேன்.

சற்று முன் எங்களுக்குக் கேக் வெட்டித் தந்த வீட்டுக்காரர் படலையைத் திறக்காமலே கதைத்தார்.

"அருமைநாயகத்தாரைத் தெரியும் தம்பி. ஆனா ஆமியிட்டத் தெரியும் எண்டு சொல்லுற அளவுக்குத் தெரியாது."

அடுத்த வீட்டு அக்கா யன்னலால் சொன்னார்: "கேள்விப்பட்டம். குடும்பமா முழங்காலில நிக்கிறம். நீங்கள் பயப்பிடாமப் போங்கோ."

"ஜெபம் நல்லது அக்கா. ஒரு ஐசியும் வேணும்."

"ஐசி இவரிட்ட. இவர் நித்திரை."

அந்த 'இவர்' கால் மணி நேரத்துக்கு முன் எங்களோடு முற்றத்தில் நின்று கட்டைக் குரலில் பாடியவர். என்ன நித்திரையோ. ஆனால் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இரண்டு பெடியன்கள் ஆமி சந்தேகப்படுகிற வயதில் நின்றார்கள். சனிக்கிழமை தோறும் சென்றிக்குப் போய் முகத்தைக் காட்ட எந்தத் தகப்பன் விரும்புவான்?

திரும்பி வந்தேன். மாமா மண்மூட்டையில் இருந்தார். குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "மாமா, லில்லியின்ர வீடு இந்தா தெரியுது."

"எந்த லில்லி?" என்றார் அவர். தாடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "அப்பிடி ஒருத்தரை எனக்குத் தெரியாது."

உயிர் போகிற நேரத்திலும் அறிவித்தலை மாற்றாத செயலாளர்.

ஒரு கேள்வி

அவளை யாரும் கூப்பிடவில்லை. நீலப் படலை திறந்தது. லில்லி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, மற்றக் கையில் அடையாள அட்டை. மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். முழங்கை வரை செதில் மினுங்கியது. நாங்கள் கடந்து போனதையும் நான் வீடு வீடாய் ஐசி கேட்டுத் திரிந்ததையும் அவள் வேலி இடுக்கால் பார்த்திருக்கிறாள் போல.

பொறுப்பாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்த ஆள் தெரியுமா?"

"தெரியும். என்ர அப்பா."

அவர் மாமா பக்கம் திரும்பினார். "மகளா?"

பிள்ளைகளே, பாடகர் குழு முழுவதும் நிலத்தைப் பார்த்தது. அந்த ஞாயிறு அறிவித்தலை எல்லோரும் கேட்டவர்கள். ஆமென் சொன்னவரும் எங்களோடு நின்றார். இல்லை என்றால் ட்ரக். ஓம் என்றால் சபைக்கு முன் சொன்ன சொல் போச்சு. இத்தனை காலம் அதன்மேல் கட்டி எழுப்பிய பெயரும் போச்சு.

மாமா தொண்டையைச் செருமினார். "மாத்தயா, நான் சபைச் செயலாளர்..."

"அது கேக்க இல்ல. இவ மகளா, இல்லயா?"

லில்லி கெஞ்சவில்லை, அழவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, "ஆர் உதை ஒட்டினது? தோல் கழண்டு போகப் போகுது," என்றாள்.

மாமாவின் தாடி ஆடத் தொடங்கியது.

"ஓம்," என்றார். "மகள். என்ர மகள்."

அவ்வளவுதான். கூரைக்கும் கஞ்சிக்கும் கொட்டாவி விட்டவர் அந்தச் சொல்லுக்குத் தலையாட்டினார். லில்லி கையெழுத்து வைத்தாள். தகப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கிணற்றடியில் இருத்தி, சுடுதண்ணீரில் துணி நனைத்துத் தாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினாள். கைக்குழந்தை பஞ்சைப் பிடுங்கித் தின்னப் பார்த்தது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். பாடலாமா என்று ஒருவர் கேட்டார். பேசாமல் இரும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே நல்ல கரோல் அந்த மௌனம்தான்.

பின்னொருநாள் அவளிடம் கேட்டேன்: "இல்லை எண்டு சொன்ன மனுசனுக்கு ஏன் பிள்ளை வந்து நிண்டனீ?"

"என்ன கதை அண்ணை இது," என்றாள். "அப்பா எண்டு சொல்லாம வேற என்ன சொல்லுறது?"

நடுவிலாளே, இதற்கு மேலே எனக்கு வேத சாஸ்திரம் தெரியாது. கடைசி நாளில் நாங்களும் ஒரு சென்றியில் நிற்போம் என்றுதான் நினைக்கிறேன். கூரை போட்டேன், உபவாசம் இருந்தேன், ஞாயிறு தவறவில்லை என்று சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். அங்கே கேட்பது அதுவல்ல. நீ யாருடைய பிள்ளை, உன்னைத் தெரிந்த ஆள் யார் என்பதுதான். அந்த ஆள் எங்களுக்காகப் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார் என்பதுதான் நான் நம்புகிற நத்தார். நாங்கள் ஓம் என்று சொல்வது மட்டும் மிச்சம். நேரம் கிடைத்தால் சேர்ச்சுக்குப் போ, நல்லது. கிடைக்காத நாளில் பஸ்ஸுக்குள் இருந்து அவரோடு கதை. கோபமா என்று அவரிடமே கேள். என்னிடம் தொலைபேசியில் கேட்பதைவிட அது மலிவு.

சனிக்கிழமைகள்

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் மாமா பஸ் ஏறி உப்புவெளிக்குப் போனார். நீலப் படலையடியில் லில்லி குடையோடு நிற்பாள். முதல் சில கிழமை அவர் முன்னே, அவள் பின்னே. பிறகு ஒரே குடை. பிறகு குழந்தை அவர் தோளில். சிவராசா கடலால் வந்தால் மூவரையும் பார்த்துச் சிரிப்பார், மாமா தலையை மட்டும் ஆட்டுவார். அந்த ஆட்டலும் கிழமைக்குக் கிழமை கொஞ்சம் பெரிதானது.

சபையில் கலக்கம். உபவாச ஜெபத்தைத் தொடக்கி வைத்தவரே வருவதில்லை. "சனி எனக்கு ஏலாது, சென்றிக்குப் போகவேணும்," என்று சொல்லிவிடுவார். அரசாங்க விஷயம் என்றபடியால் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவருக்காக ஜெபித்தார்கள். சென்றிப் பொறுப்பாளருடைய மனம் இளக வேண்டும் என்று.

இளகியது. ஒரு மழைக்கால முடிவில், இனிக் கையெழுத்து வைக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சபைக்குச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை பாய் விரித்து, மாமாவின் இடத்தை வெறுமையாக விட்டு, ஜெபத்துக்குக் காத்திருந்தார்கள். வெகுநேரமாகியும் ஆளைக் காணவில்லை. "போய்ப் பாரும் தம்பி, ஏதும் சுகமில்லையோ," என்று என்னை அனுப்பினார்கள்.

வீட்டில் பூட்டு. எனக்கு ஒரு சந்தேகம். சைக்கிளை உப்புவெளிக்கு மிதித்தேன்.

நீலப் படலைக்கு முன்னால் மாமா நின்றார். தலை வாரி, சவரம் செய்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. லில்லி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இனிச் சைன் வைக்கத் தேவையில்லை எண்டு சொன்னவங்கள் எல்லோ?"

"ஓம். தெரியும்."

"பின்ன ஏன் இந்த வெயிலுக்குள்ள வந்தனீங்கள்?"

மாமா வாழைப்பழத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். எப்போதும் காரணங்களை வரிசையாக அடுக்குகிற மனுஷன்.

"சும்மா வந்தனான், பிள்ளை," என்றார்.